விலக்குப் பட்டியலில் ஒரே ஒரு பெயர்

கே.கே. நகரில் உள்ள அந்தத் தனியார் மருத்துவமனையில் நூற்று முப்பது பேர் வேலை பார்த்தார்கள். அதில் ரூபினாவைத் திட்டாதவர் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவர் இப்போது உயிரோடு இல்லை.

மற்றவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ‘தொரத்தி’. மூன்றாம் மாடிக் கோடியில், கட்டிடத்திலேயே ஏ.சி. ஒழுங்காக ஓடும் ஒரே அறையில், அவள் ஒரு லினக்ஸ் சர்வரைக் கட்டிக்கொண்டு அழுதாள். கீழே பதிவுக் கவுண்டர், பரிசோதனைக்கூடம், மருந்தகம், வார்டு என்று எங்கே கணினியைத் தொட்டாலும் தன் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து அந்த சர்வருக்குள் நுழைந்தால்தான் வேலை நடக்கும். நுழைந்தவர் ஐந்து நிமிடம் விசைப்பலகையைத் தொடவில்லை என்றால் சர்வர் அவரை வெளியே தள்ளிவிடும். டாக்டர், நர்ஸ், கேஷியர் எல்லாரும் அதற்கு ஒன்றுதான். தள்ளப்பட்டவர்கள் சர்வரையா திட்டுவார்கள்? ரூபினாவைத்தான் திட்டினார்கள்.

அவளும் ஒன்றும் பூ இல்லை. கோரிப்பாளையத்தில் மிக்ஸி, கிரைண்டர் பழுதுபார்க்கும் ஷேக் தாவூதின் மகள். கல்லூரிக்குப் போகும்போது பேருந்தில் உரசியவனின் மூக்கை டிபன் பாக்ஸால் உடைத்து, அதே டிபன் பாக்ஸில் மத்தியானம் சாப்பிட்டவள். மூக்கின் மேல் கோபம் என்பார்களே, இவளுக்கு அது மூக்கைத் தாண்டி வெளியே நின்றது. பள்ளி வேன் ஓட்டும் அவள் கணவர் அப்துல் ரசாக், கல்யாணமான புதிதிலேயே நிலவரத்தைப் புரிந்துகொண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதனால்தான் அந்தக் குடும்பம் இன்றுவரை நிம்மதியாக ஓடுகிறது.

இப்படிப்பட்டவள் ஆட்களைத் துரத்த ஆரம்பித்ததற்கும் ஓர் அடிதடிதான் காரணம். அவள் வேலையில் சேர்ந்த மூன்றாம் மாதம், பரிசோதனைக்கூடத்துப் பெண் திரையை அப்படியே திறந்து போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாள். முடிவுக்காகக் காத்திருந்த ஒருத்தியின் அண்ணன் கவுண்டருக்குள் எட்டிப் பார்த்தான். கல்யாணமாகாத தங்கை கர்ப்பமாக இருப்பது எழுத்தும் எண்ணுமாக அங்கே இருந்தது. வரவேற்பறையில், நாற்பது பேர் பார்க்க, அவன் அவளை முடியைப் பிடித்துத் தரையில் போட்டு வயிற்றில் மிதித்தான். ரூபினா மூன்று மாடி இறங்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. வெள்ளைத் தரையில் ரத்தம் பரவி, செருப்பு ஒன்று தனியாகக் கிடந்தது.

அன்றே அவள் ஐந்து நிமிடக் கணக்கைப் போட்டாள். முதலில் லினக்ஸே தரும் வசதியைத்தான் பயன்படுத்தினாள். ஒரு கோப்பில் முந்நூறு வினாடி என்று எழுதினால் போதும், சும்மா கிடப்பவரை அது வெளியேற்றும். ஆனால் மருத்துவமனையின் பதிவு நிரல் திறந்திருக்கும்வரை, ஆள் வேலையில் இருக்கிறார் என்று நம்பிக்கொண்டு அந்த வசதி பேசாமல் இருந்துவிட்டது. உடனே அவளே ஒரு சின்ன நிரல் எழுதினாள். அது நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து, யார் யார் விரலை வைத்து எத்தனை நிமிடம் ஆயிற்று என்று பார்க்கும். ஐந்தைத் தாண்டியவரைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் வெளியே எறிந்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும்.

ஜனங்கள் சும்மா இருப்பார்களா? மருந்தகத்தில் ஸ்பேஸ் விசையின்மேல் ஸ்டேப்ளரைத் தூக்கி வைத்துவிட்டு இட்லி சாப்பிடப் போனார்கள். ரூபினா இறங்கிவந்து ஸ்டேப்ளரை ஜன்னல் வழியாக வீசினாள். நிர்வாக மேலாளர் ஹரிராம் அவளைக் கூப்பிட்டு, “ஏம்மா, டாக்டருங்க எல்லாம் கோவப்படுறாங்க. ஒரு மணி நேரமா மாத்தக் கூடாதா?” என்று கெஞ்சினார். “மாத்துறேன் சார். அந்தப் பிள்ளைய மிதிச்சாம்ல, அந்த மாதிரி அடுத்தவன் வந்தா நீங்க கீழ படுத்துக்கங்க” என்றாள். ஐந்து நிமிடம் ஐந்தாகவே நின்றது.

திட்டாத அந்த ஒருவர் முத்துச்செல்வி. அவசரப் பிரிவின் தலைமை நர்ஸ், ஐம்பத்து மூன்று வயது. கனத்த உடம்பு, வீங்கிய முழங்கால். இரண்டையும் தூக்கிக்கொண்டு தினமும் ஒன்றரை மணிக்கு மூன்று மாடி ஏறி, ரூபினாவின் ஏ.சி. அறையில் வந்து சாப்பாட்டு டப்பாவைத் திறப்பார். “நீ தொரத்து தாயி. கதவத் தெறந்து போட்டுட்டுப் போற மூதிகளுக்கு அப்படித்தான் வேணும்” என்று சொல்லிக்கொண்டே ரூபினாவின் டப்பாவிலிருந்து கறித்துண்டை எடுத்துக்கொள்வார். ரூபினாவுக்கு அவர் மேல் உயிர். தன்னைப் பெற்றவளிடம்கூட அவள் அவ்வளவு நேரம் சிரித்துப் பேசியதில்லை.

சென்ற ஆண்டு சித்திரைக் கடைசியில் சுற்றுச்சாலையில் ஒரு ஷேர் ஆட்டோவை லாரி நசுக்கியது. ஏழு பேரை அள்ளிக்கொண்டு வந்தார்கள். ஒருவருக்குத் தொடை கிழிந்து ரத்தம் பீய்ச்சியது. முத்துச்செல்வி அதை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆறு நிமிடம் நின்றிருப்பார். அடிபட்டவர் அதே மருத்துவமனையில் பழைய நோயாளி. ரத்த வகை கணினியில் இருந்தது. அழுத்திப் பிடிக்கும் வேலையை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினால், திரை கறுத்துக் கிடந்தது. ரத்தம் ஊறிய கையுறையோடு கடவுச்சொல்லைத் தட்டினார். தப்பு. மறுபடி தட்டினார். அதுவும் தப்பு. அந்தப் பிரிவில் எல்லாருமே ‘அக்கா லாகின்’ என்று அவர் பெயரில்தான் வேலை பார்த்தார்கள். கடவுச்சொல் அவருக்கு மட்டும்தான் தெரியும், வேறு யாராலும் திறக்க முடியவில்லை. பின்னால் நின்ற, அடிபட்டவரின் மைத்துனன், “இங்க உசுரு போகுது, நீ டைப் அடிச்சுப் பழகுறியாடி?” என்று கத்தி, கையில் இருந்த ஹெல்மெட்டால் அவர் முகத்தில் அடித்தான். இரண்டு முன்பற்கள் உடைந்து விசைப்பலகையில் விழுந்தன.

அடிபட்டவர் பிழைத்துக்கொண்டார். மைத்துனன் மறுநாள் வந்து காலில் விழுந்தான். முத்துச்செல்வி வாயில் பஞ்சை வைத்துக்கொண்டு, “போடா, போயி அவருக்கு எளநி வாங்கிக் குடு” என்று அனுப்பிவிட்டார். ரூபினாவால்தான் தாங்க முடியவில்லை. தன் நிரல்தான் அந்த ஹெல்மெட்டை அவன் கையில் கொடுத்தது என்று அவளுக்குத் தோன்றியது. அவள் மாடிக்கு ஏறிப்போய், நிரலில் ஒரு சின்னக் கோப்பைச் சேர்த்தாள். அதில் யார் பெயர் இருக்கிறதோ அவரை நிரல் தொடாது. விலக்குப் பட்டியல். அதில் ஒரே ஒரு பெயரை எழுதினாள்.

“இனிமே ஒங்கள எவனும் வெளிய தள்ள மாட்டான்க்கா” என்றாள்.

முத்துச்செல்வி பொக்கை வாயால் சிரித்தார். “எனக்கு மட்டுமா? மத்தவுகளுக்குத் தெரிஞ்சா ஒன்னய மென்னு துப்பிருவாக.”

“தெரியாதுக்கா. நீங்களும் நானும் சர்வரும்தான்.”

கம்ப்யூட்டர் படித்தவள் செய்யக்கூடாத வேலை அது. கவுண்டருக்கு இரண்டாவது லாகின் கொடுத்திருக்கலாம், விரல் ரேகை வைத்துத் திறக்கும்படி செய்திருக்கலாம், எத்தனையோ வழி இருந்தது. ஆனால் நம் ஊரில் பாசம் வந்துவிட்டால் விதிக்குள்ளேயே ஓர் ஓட்டையைப் போட்டுக் கொடுத்தால்தான் மனசு ஆறுகிறது. ரூபினாவும் இந்த ஊர்க்காரிதான்.

ஏழு மாதம் கழித்து சுபலட்சுமி வந்தாள். வாடிப்பட்டிப் பக்கத்துப் பெண், இருபத்தாறு வயது. அவள் கணவன் அருள்பாண்டி போர்வெல் லாரி ஓட்டுபவன். செல்போனில் யாரிடமோ சிரித்துப் பேசினாள் என்று அவளைத் தோட்டத்துக்குள் துரத்தித் துரத்தி வெட்டியிருந்தான். தோளில் எலும்பு தெரிந்தது. தடுக்கப்போன இடது கை மணிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்தது. ஒன்பது மணி நேரம் அறுவை செய்து கையை ஒட்டவைத்தார்கள். அருள்பாண்டி தப்பிவிட்டான். ஊரில் இருவரிடம், “அவ தலைய எடுக்காம ஸ்டேஷனுக்குப் போக மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

அதனால் அவள் படுத்திருக்கும் கட்டில் அவனுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் அவள் இருக்க மாட்டாள். இதை ஆஸ்பத்திரியில் எல்லாரும் புரிந்துகொண்டார்கள். முத்துச்செல்வி தானே முன்னின்று கட்டிலில் தொங்கும் பலகையில் ‘முனியாயி’ என்று எழுதினார். கேஸ் கட்டின் அட்டையை மாற்றினார். காவலாளியிடமும் வரவேற்பிலும் சுபலட்சுமி என்று யாருமே இங்கே இல்லை என்று சொல்லச் சொன்னார். போலீஸ்காரர் ஒருவர் வாசலில் உட்கார்ந்து செல்போன் பார்த்தார்.

எல்லாம் சரி. ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. ஐந்து வருடத்துக்கு முன் சுபலட்சுமி பிரசவத்துக்கு அதே மருத்துவமனைக்கு வந்திருந்தாள். அப்போது போட்ட பதிவைத்தான் இப்போதும் திறந்தார்கள். அந்தப் பதிவு ஒரு செல்போன் எண்ணில் நின்றது. இங்கே எந்தப் பெண்ணிடம் ‘நம்பர் சொல்லுங்க’ என்று கேட்டாலும் வீட்டுக்காரர் எண்ணைத்தான் சொல்வாள். சொந்த போன் கையில் இருந்தாலும் அதையேதான் சொல்வாள். முத்துச்செல்வியே தன் பதிவில் கணவர் எண்ணைத்தான் கொடுத்திருந்தார். அன்று சுபலட்சுமி பிரசவத்துக்கு வந்தபோது பத்து இலக்கத்தைச் சொன்னதும் மனைவியின் விவரம் முழுவதும் திரையில் வந்து நின்றதை, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன் அருள்பாண்டி.

நான்காம் நாள் மத்தியானம், ஒன்று ஐம்பது. ரூபினாவும் முத்துச்செல்வியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். முத்துச்செல்வி எலுமிச்சைச் சோறு கொண்டுவந்திருந்தார். ரூபினாவின் எதிரே திரையில் எப்போதும்போல ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது: உள்ளே இருப்பவர் பெயர், எந்தக் கவுண்டர், தொட்டு எத்தனை நிமிடம். முத்துச்செல்வியின் பெயருக்கு நேராகப் பதினாறு என்று இருந்தது. அவர் மாடி ஏறி வந்து பதினாறு நிமிடம். ரூபினா ஒரு வாய் சோற்றை எடுத்தாள். பதினாறு பூஜ்யமானது.

சோறு வாய்க்குப் போகவில்லை.

“அக்கா, ஒங்க சீட்டுல யாரு இருக்கா?”

“யாருமில்ல. பிள்ளைகளெல்லாம் சாப்பிடப் போயிருச்சுக. ஏன்?”

“யாரோ தட்டுறாங்க.”

ரூபினா இடது கையால் விசைப்பலகையை இழுத்து, அந்தக் கவுண்டரில் என்ன தேடினார்கள் என்று பார்த்தாள். பத்து இலக்கம். கீழே பதில்: சுபலட்சுமி, இரண்டாம் மாடி, பெண்கள் வார்டு, கட்டில் பதினொன்று.

“இது யாரு நம்பருக்கா?”

முத்துச்செல்வி எட்டிப் பார்த்தார். அட்டை மாற்றும்போது கேஸ் கட்டில் பார்த்த எண். “அவன் நம்பருடி” என்றார். “அவ புருஷன் நம்பரு.” எச்சில் கையோடு எழுந்து ஓடினார்.

ரூபினா வார்டுக்குப் போன் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. வாசலுக்கு அடித்தாள். போலீஸ்காரர் சாப்பிடப் போயிருக்கிறார் என்றான் காவலாளி. போனைப் போட்டுவிட்டு அவளும் ஓடினாள். அரை நிமிடம் அதில் போனது. அந்த அரை நிமிடத்தை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

முழங்கால் வீங்கிய மனுஷி எப்படி அந்தப் படிகளில் இறங்கினாரோ தெரியாது. ரூபினா திருப்பத்துக்கு வரும்போது அவர் வார்டு வாசலில் நின்றார். இரண்டு கையையும் கதவின் இரண்டு பக்கச் சட்டத்திலும் ஊன்றி, வாசல் முழுவதையும் தன் உடம்பால் அடைத்திருந்தார். எதிரே அருள்பாண்டி. நோயாளிக்குப் பழம் வாங்கி வருகிறவன்போலக் கையில் ஒரு துணிப்பை. மூச்சுகூட வாங்கவில்லை.

“பார்வையாளர் நேரம் நாலு மணிக்குத்தான்” என்றார் முத்துச்செல்வி. முப்பது வருடமாக ஆயிரம் பேரிடம் சொன்ன அதே அதட்டல். “கீழ போயி ஒக்காருங்க.”

“வழிய விடு.”

“நாலு மணிக்கு வாங்கன்னு சொல்றேன்ல.”

அவன் பைக்குள் கைவிட்டு எடுத்தது ஒரு முழ நீளத்து அரிவாள். முதல் வெட்டு முழங்கையில் விழுந்தது. கை சட்டத்திலிருந்து நழுவியது. மறு கையை முத்துச்செல்வி எடுக்கவில்லை. இரண்டாவது வெட்டு கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே இறங்கியது. ரத்தம் கதவின் மேல் சட்டம் வரை தெறித்தது. அப்போதும் அவர் உடனே விழவில்லை. அவனுடைய சட்டையைப் பிடித்துக்கொண்டு, தன் கனம் முழுவதையும் அவன்மேல் போட்டுச் சாய்ந்தார். அவன் அவரை உதற முயன்ற நேரத்தில் ரூபினா வந்து சேர்ந்தாள்.

சுவரில் இருந்த தீயணைப்பு உருளையைப் பிடுங்கி அவன் பின்மண்டையில் அடித்தாள். அவன் திரும்பி வீசினான். வலது கையில் ஏதோ சுட்டது, பார்க்கவில்லை. மறுபடி அடித்தாள். முட்டி போட்டான். அடித்தாள். அரிவாள் கையை விட்டுப் போனது. தாடை உடைந்து தொங்கியது. அடித்தாள். அவன் அசையாமல் கிடந்த பிறகும் அடித்தாள். பின்னாலிருந்து நான்கு பேர் கட்டிப் பிடித்து இழுக்கும்போதுதான் உருளை வழுக்குகிறதே என்று கையைப் பார்த்தாள். சுண்டு விரல் இல்லை. மோதிர விரல் தோலில் தொங்கியது.

வார்டுக்குள்ளே சுபலட்சுமி ஒற்றைக் கையால் தவழ்ந்துபோய் கழிவறைக்குள் தாழ்ப்பாள் போட்டிருந்தாள். அவள் மேல் ஒரு கீறல்கூட விழவில்லை.

முத்துச்செல்வியை அவருடைய அவசரப் பிரிவுக்கே தூக்கிக்கொண்டு போனார்கள். ரத்த வகை வேண்டும் என்று கத்தினார்கள். கணினி திறந்தே இருந்தது. கடவுச்சொல் கேட்கவில்லை, எண்ணைத் தட்டியதும் பதில் வந்தது. ரத்தமும் வந்தது. உடம்பில் தங்கத்தான் இல்லை. இரண்டு நாற்பதுக்குப் போய்விட்டார். ரூபினா பக்கத்துக் கட்டிலில் கையைத் துணியில் சுற்றியபடி, “யா அல்லா, அது ஏன் தெறந்தே கெடக்கு, ஏன் தெறந்தே கெடக்கு” என்று புலம்பினாள். வலியில் உளறுகிறாள் என்று நினைத்து ஊசி போட்டார்கள்.

அருள்பாண்டி சாகவில்லை. அரசு மருத்துவமனையில் தாடையைக் கம்பியால் கட்டிக்கொண்டு, காவலோடு கிடந்தான். அவன் தட்டிய கணினியை யாரும் தொடக் கூடாது என்று போலீஸ் தாள் ஒட்டிவிட்டுப் போனது.

மூன்றாம் நாள் ஹரிராம் ஆளனுப்பினார். ரூபினா கையில் கட்டோடு போனாள். அத்தா ஷேக் தாவூத் கூடவே வந்து வெளியே உட்கார்ந்துகொண்டார். மேசையில் ஒரு தாள் இருந்தது. முதல் வரியிலேயே விஷயம் வந்துவிட்டது: பணியிலிருந்த செவிலியர் முத்துச்செல்வி தமது கணக்கிலிருந்து வெளியேறாமல் இருக்கையை விட்டுச் சென்ற கவனக்குறைவே நோயாளியின் விவரம் வெளியாகக் காரணம்.

“நெசம்தானம்மா?” என்றார் ஹரிராம். அவர் கெட்டவர் இல்லை. மூன்று நாளாகத் தூங்காத கண். “அந்தம்மா பேருல தான தெறந்து கெடந்துச்சு? நிர்வாகத்து மேல வராம இருக்கணும். கம்ப்யூட்டர் ஆளுன்னு நீ ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சிரும். போனவங்களுக்கு இதனால என்ன வந்துறப் போகுது?”

அந்தக் கடைசி வார்த்தை ரூபினாவின் மண்டைக்குள் ஏறியது. மேசையில் இருந்த கண்ணாடி உருண்டையை இடது கையால் எடுத்துச் சுவரில் அடித்தாள். அது சில்லுச் சில்லாகத் தெறித்தது. ஹரிராம் நாற்காலியோடு பின்னால் போனார்.

“கழுத்துல வெட்டுப் பட்டும் கதவ விடல சார் அந்தம்மா. அவங்க மேல எழுதுறீங்களா?” கண்ணீர் கொட்டியது, அவள் துடைக்கவில்லை. “அஞ்சு நிமிஷத்துல அந்தத் தெர மூடியிருக்கணும். பதினாறு நிமிஷம் மூடல. ஏன்னு கேட்டீங்களா? நான்தான் மூட விடல. அவங்க பேர மட்டும் எடுத்துவிட்டேன். ஒங்களக் கேக்கல, யாரையும் கேக்கல. எங்க அக்கான்னு செஞ்சேன். எழுதுங்க, ரூபினா செஞ்சான்னு எழுதுங்க.”

அவர் எழுதவில்லை. அவளே இடது கையால் எழுதினாள். எழுத்துகள் கோணல்மாணலாக விழுந்தன. நான்கு வரிக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அதே தாளைப் போலீஸுக்கும் கொடுக்கச் சொன்னாள். வேலை போகும் என்று அவளுக்குத் தெரியும், ஹரிராமும் மறுக்கவில்லை.

“கடைசியா மேல ஒரு வேல இருக்கு. முடிச்சிட்டுப் போறேன்” என்று எழுந்தாள்.

அறையில் எலுமிச்சைச் சோற்று டப்பா அப்படியே காய்ந்து கிடந்தது. திரையில் பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. கவுண்டர்க்காரர்கள் நுழைந்தார்கள், சும்மா இருந்தார்கள், தள்ளப்பட்டார்கள், திட்டிக்கொண்டே மறுபடி நுழைந்தார்கள். எல்லாருக்கும் மேலே ஒரு பெயர் மட்டும் நகராமல் நின்றது. தாள் ஒட்டிய கணினியை யாரும் தொடவில்லை. நிரலும் அந்தப் பெயரைத் தொடாது. முத்துச்செல்வி, அவசரப் பிரிவு, தொட்டு மூன்று நாள்.

முத்துச்செல்வியின் வீட்டார் அடக்கம் முடித்துப் பாலும் ஊற்றிவிட்டார்கள். இங்கே அவர் இன்னும் பணியில் இருந்தார். ரூபினா வாய்விட்டு அழுதாள். பின்னாலேயே ஏறி வந்து வெளியே நின்ற அத்தா கதவைத் திறக்கவில்லை.

அழுது முடித்து விலக்குப் பட்டியலைத் திறந்தாள். இருந்தது ஒரே ஒரு வரி. இடது கை ஆட்காட்டி விரலால் ஒவ்வோர் எழுத்தாக அழித்துச் சேமித்தாள். கையாலேயே அவரை வெளியேற்றியிருக்கலாம்; அதற்கு ஒரு கட்டளை போதும். ஆனால், உங்களை எவனும் வெளியே தள்ள மாட்டான் என்று சொல்லியிருந்தாளே. அவளால் முடியவில்லை. நிரல் எழுந்திருக்கட்டும் என்று திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“போயிட்டு வாங்கக்கா” என்றாள்.

ஒரு நிமிடம் ஆனது. மேல் வரி மறைந்தது. அடுத்திருந்த மருந்தகத்துப் பெயர் அந்த இடத்துக்கு ஏறி வந்தது.